ஒரு மில்லிமீற்றர் சாமானை எதால் பிடித்து அளப்பது?

யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரோனிக் போட் (மின்சுற்றுப் பலகை) திருத்துகிறவர்களின் மேசையில் புதுச் சாமானை விடக் கழற்றின சாமான்தான் கூடக் கிடக்கும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து ஒன்றை எடுப்பிப்பதென்றால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வரவேண்டும். அதனால் செத்த இன்வேர்ட்டர், மடிக்கணினி, சோலார் கொன்ட்ரோலர் எதையும் நாங்கள் எறிவதில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கிய மாதங்களில் பல கடைகளை ஓட்டியது இந்தப் பழைய போட்டுகள்தான். அதற்கு முன்னும் எங்களுக்கு இது புதிதல்ல. 1990 களின் பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரிகூட இங்கே வரமுடியாத பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சனம் ரேடியோவில் செய்தி கேட்டது. அந்தக் காலத்து மெக்கானிக்மாரிடம் தொழில் பழகினவர்கள் இன்றைக்கும் ஒரு சாமானை அளக்காமல் பூட்டமாட்டார்கள்.

ஆனால் அவர்கள் அளந்த சாமானில் நிறக்கோடு இருந்தது, அல்லது பெறுமானம் அச்சடித்திருந்தது. மீற்றர் அதை உறுதிப்படுத்த மட்டும் தேவைப்பட்டது. இன்றைக்கு 0402 என்ற அளவுக் குறியீட்டில் வருகிற பீங்கான் கப்பாசிற்றர் (மின்தேக்கி) 1.0 மில்லிமீற்றர் நீளம், 0.5 மில்லிமீற்றர் அகலம். அதில் ஒரு எழுத்தும் இல்லை. 4.7 பிகோ பரட் கொள்ளளவம் உள்ளதையும் 100 நனோ பரட் உள்ளதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மண்ணிறத் துண்டுகள். 0402 றெசிஸ்ரர்களிலும் (மின்தடை) பெரும்பாலும் இலக்கம் இல்லை. எல்சிஆர் மீற்றர் (தூண்டல், கொள்ளளவம், தடை மூன்றையும் அளக்கிற கருவி) என்ன சொல்கிறதோ அதுதான் அந்தச் சாமானின் பெயர். அந்தப் பெயர் பிழைத்தால் அது பூட்டப்படுகிற போட்டும் பிழைக்கும்.

பழக வருகிற பெடியள் நல்ல மீற்றர் எது என்று கேட்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது மீற்றரை அல்ல, சாமானை எது பிடிக்கப்போகிறது என்பதை. வயர், கிளிப், ருவீசர் (சிறு இடுக்கி), அல்லது பிக்ஸ்சர் (சாமானை அசையாமல் பிடிக்கிற தாங்கி). கஸ்தூரியார் வீதியில் நகை நிறுக்கிறவர் தட்டின் நிறையைக் கழிக்காமல் நிறுத்தால் எவரும் ஏற்கமாட்டார்கள். மீற்றர் காட்டுகிற பெறுமானத்திலும் அப்படித்தான் பிடியின் பங்கு சேர்ந்தே இருக்கிறது. சாமான் சிறுக்கச் சிறுக்கப் பிடியின் பங்கு பெருக்கிறது.

சோலார் சார்ஜ் கொன்ட்ரோலர்களில் மின்னோட்டத்தை அறிய ஆர்010 என்று எழுதின ஒரு றெசிஸ்ரர் இருக்கும். அது 10 மில்லி ஓம். சாதாரண மல்ரி மீற்றரின் இரண்டு வயரை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டும், அதாவது அளக்க வந்த சாமானைப் போல இருபது மடங்கு. முனையை அழுத்திப் பிடித்தால் ஒரு எண், தளர்த்தினால் இன்னொரு எண். அந்த றெசிஸ்ரர் சூட்டில் 12 மில்லி ஓமுக்கு ஏறியிருந்தால் கொன்ட்ரோலர் உண்மையை விட 20 வீதம் கூடுதலான மின்னோட்டம் ஓடுவதாக எண்ணிக்கொள்ளும். வாடிக்கையாளர் பற்றரி நிரம்புவதில்லை என்று கொண்டுவருவார். இரண்டு வயர் மீற்றரால் இந்தப் பழுதைக் காணவே முடியாது.

இதற்கான வழி 19 ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1892 இல் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தொம்சனின் பெயரில்தான் நாலு வயர் முறையை இன்றும் சொல்கிறோம். இரண்டு வயர் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். மற்ற இரண்டும் சாமானின் இரண்டு அந்தத்திலும் உள்ள மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். பார்க்கிற வயரில் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம், ஆகையால் அதன் தடை கணக்கில் வராது.

ஆனால் நாலு வயரும் எங்கே சந்திக்கின்றன என்பதில்தான் விசயம் இருக்கிறது. கெல்வின் ருவீசர் என்று விற்கிற மலிவான பலவற்றில் நாலு வயர் கைபிடி மட்டும் வந்து, அங்கேயே இரண்டு இரண்டாகச் சேர்ந்து, முனைக்கு ஒவ்வொரு தகடாகத்தான் போகிறது. கேபிளின் தடை கழிந்துவிடும், தகட்டின் தடையும் முனை சாமானைத் தொடுகிற இடத்தின் தடையும் கழியாது. வாங்க முன்னம் சோதிக்க ஒரு எளிய வழி: 10 மில்லி ஓம் றெசிஸ்ரரைப் பிடித்து மெல்ல அழுத்துங்கள், பிறகு பலமாக அழுத்துங்கள். எண் அசையாமல் நின்றால் சந்திப்பு முனையில் இருக்கிறது. அழுத்தத்தோடு எண் ஆடினால் சந்திப்பு எங்கோ பின்னால் இருக்கிறது.

சின்னக் கப்பாசிற்றருக்கு வந்தால் வில்லங்கம் மறுபக்கத்தில் இருந்து வரும். ருவீசரின் இரண்டு முனையும் காற்றை நடுவில் வைத்துக்கொண்டு தாங்களே ஒரு கப்பாசிற்றராக நிற்கின்றன. காப்பில்லாத ருவீசரில் அது ஒரு பிகோ பரட் அளவுக்கு எளிதாக வரும். ரேடியோப் பகுதியில் இருக்கிற 1 பிகோ பரட் சாமானை அதனால் அளந்தால் பாதி எண் ருவீசருடையது. மீற்றரில் திறந்த நிலைத் திருத்தம் இருக்கிறது, பிடியைத் திறந்து வைத்துப் பொத்தானை அமர்த்தினால் அதைக் கழித்துவிடும். ஆனால் எவ்வளவு தூரம் திறந்து வைத்தோம்? முனை முழுதாக விரிந்திருக்கையில் திருத்தம் செய்துவிட்டு, பிறகு 0402 சாமானைப் பிடிக்க முனைகளை ஒரு மில்லிமீற்றருக்கு நெருக்கினால், கழித்த கொள்ளளவம் ஒன்று, இப்போது உள்ளது வேறு. இடைவெளி குறையக் கொள்ளளவம் கூடும். ஆகவே சாமானின் நீளத்துக்குச் சரியாக இடைவெளி வைத்துத்தான் திருத்தம் செய்யவேண்டும். கைப்பிடிப்பில் அது ஆகாத காரியம், விரல் எப்போதும் ஆடும். விரல் முனைக்குக் கிட்ட வந்தாலே கடைசி இலக்கம் நகர்வதை எவரும் பார்க்கலாம்.

பிக்ஸ்சர் தேவைப்படுவது இதற்குத்தான். இடைவெளியை அது மாறாமல் வைத்திருக்கும், தொடுகிற அழுத்தத்தையும் ஒரேயளவாக வைத்திருக்கும். ஹியூலட் பக்கார்ட் வழியில் வந்த கீசைட்டின் 16034 வரிசைப் பிக்ஸ்சர்கள் இந்த வேலைக்கு ஆய்வுகூடங்களில் இருப்பவை. அவற்றின் விலையில் ஒரு சிறிய கடையின் சாமானெல்லாம் வாங்கலாம். 100 கிலோ ஹேர்ட்ஸ் வரை அளக்கிற கைமீற்றருக்கு நாங்களே செய்துகொள்ளலாம். செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேறு ஆரும் செய்ய நினைத்தால் உதவும்.

செப்புப் பூசின கண்ணாடி இழைப் பலகையில் ஒரு துண்டு எடுத்து, 0805 சாமானுக்கு இரண்டு தளம் வரைந்தோம். 0805 என்றால் 2.0 மில்லிமீற்றர் நீளம், 1.25 அகலம். ஒவ்வொரு தளத்தையும் நீளவாக்கில் மயிரளவு கோட்டால் இரண்டாகப் பிரித்து, பெரிக் குளோரைட்டில் அரித்து எடுத்தோம். ஒரு பாதி மின்னோட்டத்துக்கு, மறுபாதி பார்க்கிற வயருக்கு. பலகையில் இரண்டு பாதியும் எங்கும் தொடாது. சாமானை வைத்தால் அதன் ஈயம் பூசின அந்தம்தான் இரண்டையும் சேர்க்கிறது. நாலு வயரின் சந்திப்பு இப்போது சாமானின் உடம்பிலேயே. இதற்கு மேல் அதைக் கொண்டுபோக இடமில்லை.

இரண்டு தளங்களுக்கும் நடுவில், சாமானின் வயிற்றுக்குக் கீழே, ஒரு மெல்லிய செப்புக்கோடு விட்டோம். அது மீற்றரின் கார்ட் (guard, காவல்) முனைக்குப் போகிறது. ஒரு தளத்தில் இருந்து மற்றத் தளத்துக்குப் பலகை வழியாகப் பாயப்பார்க்கிற மின்புலத்தை இந்தக் கோடு இடையில் வாங்கிக்கொள்ளும். அதை இணைத்தும் கழற்றியும் பார்த்தால், சாமான் இல்லாத நிலையில் மீற்றர் காட்டுகிற எண் தெளிவாக இறங்கி ஏறுகிறது. மேலிருந்து அழுத்த ஸ்பிரிங் ஊசி ஒன்று, அதன் நுனியில் பிளாஸ்ரிக் தொப்பி. உலோகமாகவே விட்டால் அதுவும் ஒரு தகடாகி அளவைக் குழப்பும். 0603, 0402 இரண்டுக்கும் வேறு வேறு பலகை. ஒரே பலகையில் எல்லா அளவையும் போட ஆசை வரும். பக்கத்துத் தளங்களின் கொள்ளளவமும் சேர்ந்து வரும் என்பதால் அதை விட்டுவிட்டோம். (0603 என்று எழுதின பொதி வந்தால் அங்குலக் கணக்கா மில்லிமீற்றர் கணக்கா என்று பாருங்கள். மில்லிமீற்றர் கணக்கில் 0603 என்பது அங்குலக் கணக்கின் 0201. கண்ணுக்கு எட்டாத சாமான் அது.)

பிடியின் சொந்தத் தடையைக் கழிக்கிற குறுக்குச் சுற்றுத் திருத்தத்துக்கு, சாமான் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு உலோகத் துண்டு வைக்கவேண்டும். பலர் ஜம்பராகப் பூட்டுகிற 0 ஓம் றெசிஸ்ரரை வைப்பார்கள். அது 0 ஓம் அல்ல, 50 மில்லி ஓம் வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். அதைப் பூச்சியம் என்று மீற்றருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு 10 மில்லி ஓமை அளந்தால் மைனஸ் எண் வரும். சாமானின் நீள அகலத்துக்குப் பித்தளைத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் அராவி, ஈயம் பூசி வைத்திருக்கிறோம். திருத்தத்தை ஒவ்வொரு மீடிறனுக்கும் (அதிர்வெண்) தனித்தனியாகச் செய்யவேண்டும். மீற்றர் போட்டவுடன் செய்யாமல் சற்றுச் சூடேற விட்டுச் செய்வது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகுதான் பீங்கான் கப்பாசிற்றர் தன்னுடைய குணத்தைக் காட்டத் தொடங்கும். இந்த இடத்தில்தான் திறமான பெடியளும் குழம்புகிறார்கள்.

"அண்ணை, உறையில 10 மைக்ரோ எண்டு போட்டிருக்கு, 7 தான் காட்டுது. சாமான் பழுது போல."

"எத்தினை ஹேர்ட்ஸில அளந்தனி?"

"ஒரு கிலோ ஹேர்ட்ஸ்."

"மீற்றர் அதுக்கு எத்தினை வோல்ட் குடுத்தது?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. மீற்றரின் கையேட்டில் 0.6 வோல்ட் என்று இருந்தால், அது திறந்த முனையில் உள்ள மின்னழுத்தம். உள்ளே 100 ஓம் தடை ஒன்று தொடராக இருக்கிறது என்று வைப்போம். 10 மைக்ரோ பரட் 1 கிலோ ஹேர்ட்ஸில் காட்டுகிற எதிர்ப்பு வெறும் 16 ஓம். கணக்குப் போட்டால் கப்பாசிற்றருக்குக் கிடைப்பது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. தயாரிப்பாளர் 10 மைக்ரோ பரட் என்று எழுதியது 1 வோல்ட் ஆடலோட்டத்தில் அளந்து. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைப் பீங்கானின் கொள்ளளவம் கொடுக்கிற மின்னழுத்தத்தோடு மாறும், சிறிய மின்னழுத்தத்தில் அது குறைத்தே காட்டும். 1 கிலோ ஹேர்ட்ஸில் 10 மைக்ரோவின் மேல் 1 வோல்ட்டை நிறுத்த 63 மில்லி அம்பியர் ஓடவேண்டும். பற்றரியில் ஓடுகிற கைமீற்றரிடம் அதைக் கேட்க முடியாது. சாமான் நல்லதுதான், மீற்றரும் பொய் சொல்லவில்லை. ஒரே மாதிரியான புதுச் சாமான் ஒன்றை அதே பிக்ஸ்சரில் அதே நிலையில் அளந்து இரண்டையும் ஒப்பிடவேண்டும். தனி எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அடுத்தது சூடு. ஹொட் எயார் பிடித்துக் கழற்றின கப்பாசிற்றரை உடனே அளந்தால் கூடக் காட்டும், அடுத்தநாள் அளந்தால் குறைந்திருக்கும். காரணம் உள்ளே இருக்கிற பேரியம் டைட்டனேற். ஏறக்குறைய 125 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் அதன் பளிங்கு அமைப்பு மாறுகிறது. ஆறும்போது திரும்பவும் பழைய அமைப்புக்கு வந்து, அந்த நிமிடத்தில் இருந்து புதிதாக வயதாகத் தொடங்குகிறது. முதல் மணித்தியாலத்தில் இருந்து பத்தாவது மணித்தியாலத்துக்குள் எவ்வளவு குறைகிறதோ, பத்தில் இருந்து நூறுக்குள் ஏறக்குறைய அவ்வளவு, நூறில் இருந்து ஆயிரத்துக்குள் அவ்வளவு. எக்ஸ்7ஆரில் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு வீதம். தயாரிப்பாளர்கள் 150 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்கி, அறை வெப்பத்தில் 24 மணித்தியாலம் வைத்த பிறகுதான் அளக்கச் சொல்கிறார்கள். கழற்றின சாமானை அன்றைக்கே உறையில் போட்டுப் பெயர் எழுதவேண்டாம் என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

சி0ஜி என்ற இன்னொரு பீங்கான் வகைக்கு இந்த வயதும் இல்லை, சூட்டுக்கு அசைவும் இல்லை. ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் நிற்கும். இதை வைத்தே பெயரில்லாத துண்டுகளைப் பிரிக்கலாம். பிக்ஸ்சரில் வைத்துவிட்டு, பக்கத்தில் சோல்டரிங் அயனைத் தொடாமல் பிடியுங்கள். எண் அசையவில்லை என்றால் சி0ஜி. மெல்ல நகர்ந்தால் எக்ஸ்7ஆரோ எக்ஸ்5ஆரோ. கண்முன்னே சரிந்துகொண்டு போனால் வை5வி என்ற வகை. அதன் வரம்பிலேயே மைனஸ் 82 வீதம் வரை இறங்க இடமிருக்கிறது. ரேடியோவின் சுருதிச் சுற்றில் சி0ஜி இருந்த இடத்தில் எக்ஸ்7ஆரைப் பூட்டினால், காலையில் பிடித்த நிலையம் மத்தியான வெயிலில் தள்ளிப்போகும்.

வகையைப் பிரிக்க இன்னொரு கருவி மீற்றரில் டி என்று காட்டுகிற இழப்பு எண். சி0ஜியில் 0.001 க்கும் கீழே. எக்ஸ்7ஆரில் 0.01, 0.02 என்று வரும். இங்கேதான் பிக்ஸ்சரின் தரம் கையும் களவுமாகப் பிடிபடும். 1 நனோ பரட் 100 கிலோ ஹேர்ட்ஸில் 1600 ஓம் அளவுக்கு எதிர்க்கிறது, தொடுகை 0.1 ஓம் கூட இருந்தாலும் டி மாறாது. அதே மீடிறனில் 10 மைக்ரோவின் எதிர்ப்பு 0.16 ஓம்தான். தொடுகையில் 0.05 ஓம் இருந்தால் டி 0.3 ஆல் எகிறும், நல்ல கப்பாசிற்றர் செத்ததுபோல் தெரியும். எங்கள் ஊரில் தொடுகை கெட நாள் எடுக்காது. குருநகரில் இருந்தோ பருத்தித்துறையில் இருந்தோ படகுச் சாமான் திருத்த வந்தால் போட்டோடு உப்பும் சேர்ந்து வரும். கழற்றின கப்பாசிற்றரின் அந்தத்தில் பழைய பிளக்ஸ் (ஈயம் பிடிக்கப் போடுகிற பசை) ஒட்டியிருக்கும். அளக்க முன்னம் சாமானையும் செப்புத் தளத்தையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட வேண்டும். மாரிக்குக் கூடுதலாகக் காயவிட வேண்டும். மெகா ஓம் அளவில் உள்ள றெசிஸ்ரர்களுக்கு, சாமானின் மேல் ஈரத்தோடு படிந்த உப்பே இன்னொரு றெசிஸ்ரராகப் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்று, இதில் விளையாட்டே இல்லை: இன்வேர்ட்டரின் பெரிய கப்பாசிற்றர்களைப் போட்டில் வைத்தோ கழற்றியோ அளக்க முன்னம், ஒரு றெசிஸ்ரரால் முழுதாக இறக்கி, மல்ரி மீற்றரால் பூச்சியம் பார்த்துவிட்டுத் தொடுங்கள். மிச்சம் இருக்கிற மின்னூட்டம் எல்சிஆர் மீற்றரின் உள்ளே போனால் அது திரும்பாது. உங்கள் கையும்தான்.

மீற்றர் நேரோட்ட அழுத்தம் எதுவும் கொடுக்காமல் அளக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 6.3 வோல்ட் என்று குறித்த 0402 அளவு எக்ஸ்5ஆர் 10 மைக்ரோவை 5 வோல்ட் தடத்தில் பூட்டினால் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். அதே பெறுமானம், அதே வோல்ட், ஆனால் 0805 உடம்பு என்றால் இழப்புக் குறைவு. உறையில் பெறுமானத்தை மட்டும் எழுதினால் போதாது என்று அதனால்தான் இப்படி எழுதுகிறோம்: 0805, 9.1 மைக்ரோ, 120 ஹேர்ட்ஸ், 0.5 வோல்ட், நேரோட்டம் இல்லை, கழற்றி ஒருநாள் கழிந்தது. அடுத்தவர் எடுத்துப் பார்த்தால் எந்த நிலையில் அந்த எண் வந்தது என்று விளங்கும்.

கொயில்கள் (கம்பிச் சுருள்) இன்னும் மிச்சம். கைபேசி, வைபை போட்டுகளில் வருகிற 10 நனோ ஹென்றி கொயிலை 100 கிலோ ஹேர்ட்ஸில் அளக்க நினைப்பது வீண்வேலை. அதன் எதிர்ப்பு 6 மில்லி ஓம் சொச்சம்தான், கொயிலின் சொந்தத் தடையே அதை மூடிவிடும். பிக்ஸ்சரின் பாதையிலும் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு நனோ ஹென்றி அளவில் தூண்டல் இருக்கிறது. குறுக்குச் சுற்றுக்கு வைத்த பித்தளைத் துண்டுக்கும் தூண்டல் உண்டு. அதைப் பூச்சியம் என்று கழித்தால் கொயில் அவ்வளவுக்குக் குறைத்துத் தெரியும். 100 மெகா ஹேர்ட்ஸில் அதே கொயில் 6.3 ஓம், அங்கே அளக்க வழி உண்டு. இப்படி உயர்ந்த மீடிறனில் அளக்கிற நனோவிஎன்ஏ என்ற சிறு கருவி இப்போது மாணவர்களும் வாங்குகிற விலையில் வருகிறது. அதனோடு வருகிற அளவுத் துண்டுகள் கேபிளின் நுனி வரைதான் கணக்கைச் சரிசெய்யும், சாமான் இருக்கிற இடம் அதற்கு அப்பால். ஆகவே சாமான் வைக்கிற அதே தளத்துக்குத் திறந்தது, குறுக்கியது, 50 ஓம் என்று மூன்று துண்டுகள் செய்துகொண்டிருக்கிறோம். 50 ஓமுக்கு ஒரு றெசிஸ்ரரைப் பூட்டாமல் இரண்டு 100 ஓம் 0603 ஐப் பக்கம் பக்கமாகச் சமாந்தரத்தில் ஈயம் பிடிக்கிறோம், தூண்டல் குறையும். 100 ஓம் இரண்டையும் தேர்வதற்குப் பழைய நாலு வயர் பலகையில் உறை உறையாக அளந்து, ஒன்றுக்கொன்று மிகக் கிட்டிய சோடியைப் பிரித்து வைத்தாயிற்று.